ஓவர்டைம் பார்த்த உடம்பு

புதிதாக ஜிம் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமூட்டும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். உற்சாகத்துக்கு உங்களிடம் குறைவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று நீங்கள் எடுக்கும் வீடியோக்களை என் பேத்தி காட்டியிருக்கிறாள். சான்றிதழும் வைத்திருக்கிறீர்கள், உங்களில் சிலர் அதை சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒரு ஆள் உங்கள் எதிரில் நின்றுகொண்டு, "நான் நிறுத்த மாட்டேன், என்ன செய்வீங்க?" என்று கேட்டால் என்ன செய்வது என்று எந்தச் சான்றிதழிலும் அச்சடித்திருக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் உற்சாகத்தைக் கொஞ்சம் குறைக்கும்படி, ராஜபாண்டி அண்ணாச்சியின் கதையைச் சொல்கிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த ஜிம் கோவில்பட்டியில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருந்தது. மேலே தகரக் கூரை. சித்திரை, வைகாசியில் மதியம் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்தாலே எடை குறையும். முதலாளி அதையும் ஒரு சிறப்பம்சமாக விளம்பரத்தில் போட்டிருந்தார்.

ராஜபாண்டி அண்ணாச்சிக்கு ஊருக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர். அவர் ஜிம்முக்கு வந்ததற்குக் காரணம் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இல்லை. ஒரு கல்யாண போட்டோ. மனைவி வழியில் நடந்த கல்யாணம் அது. அதில் அவரையும் அவருடைய சகலை சுயம்புவையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டார்கள். சுயம்புவுக்குக் கயத்தாறில் லாரி உதிரி பாகங்கள் விற்கிற கடை. சும்மா இருக்கிற நேரத்தில் அங்கே ஒரு ஜிம்முக்குப் போய், சட்டைப் பொத்தான் இழுபடும் அளவுக்கு நெஞ்சை வளர்த்து வைத்திருந்தார். அண்ணாச்சிக்கும் பொத்தான் இழுபட்டது. ஆனால் அது கீழ்ப் பொத்தான்.

"மாஸ்டர், எனக்கு நெஞ்சு வேணும்," என்றார் வந்த முதல் நாளே. மளிகைக் கடையில் துவரம் பருப்பு கேட்பது போல இருந்தது.

சொன்னதைச் செய்கிற ஆள். ஒரு நாள் தவறாமல் வந்தார். தொந்தி கரைந்தது, தோள் அகன்றது. புதிதாக வருகிறவர்களின் உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். எதைச் செய்தாலும் பலன் கொடுக்கும், முட்டாள்தனத்துக்கும் கொடுக்கும். முதல் வருஷம் வளர்கிற உடம்பை நம் திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணாச்சியின் உடம்பு வளர்ந்ததை எங்கள் முதலாளி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "நம்ம ட்ரெய்னிங்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார்.

அப்போதுதான் கோவில்பட்டியிலேயே ஆணழகன் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு. சுயம்பு பெயர் கொடுத்துவிட்டார் என்ற செய்தி, அக்கா தங்கைகளான இரண்டு வீட்டு மனைவிகள் வழியாக அன்று மாலைக்குள் வந்து சேர்ந்தது. மறுநாள் அண்ணாச்சியும் பெயர் கொடுத்தார்.

அதிலிருந்து காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வர ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்றேன்.

"மாஸ்டர், சீசன்ல எங்க ஆபீஸ்ல ரெண்டு ஷிப்டு ஓடும். ரெண்டு ஷிப்டு ஓடுனா ரெண்டு மடங்கு பண்டல் வரும். இது எனக்குத் தெரிஞ்ச கணக்கு. ஒடம்பு மட்டும் என்ன, தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையா, உக்கார வச்சு உபசாரம் பண்ண?"

"அண்ணாச்சி, இங்கன நீங்க சதையை அடிச்சுக் காயப்படுத்திட்டுப் போறீங்க. அது வளர்றது வீட்ல, நீங்க சாப்பிட்டுத் தூங்கும்போது. தூங்கலைன்னா காயம் மட்டுந்தான் மிஞ்சும்."

"தூங்கிச் சம்பாதிச்சவன் எவனையாவது காட்டுங்க, மாஸ்டர்."

என்னிடம் கைவசம் யாரும் இல்லை. அந்தச் சுற்றில் அவர் ஜெயித்தார்.

அடுத்த சில வாரங்களில் உடம்பு தன் கணக்கைக் காட்ட ஆரம்பித்தது. முன்பு சாதாரணமாகத் தூக்கிய எடை அவருக்குக் கனத்தது. சளி பிடித்தால் விடவில்லை. முகம் சுருங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்தது. காலையில் எழுந்ததும் நாடி பார்க்கச் சொல்லியிருந்தேன். வழக்கத்தைவிட வேகமாக அடிக்கிறது என்று அவரே பெருமையாகச் சொன்னார். "என்ஜின் சூடா இருக்கு" என்பது அவருடைய விளக்கம். ஒரு நாள் யாரோ டம்பெல்லை இடம் மாற்றி வைத்ததற்காக அப்படிக் கத்தினார், கீழே ஹார்டுவேர் கடையிலிருந்து ஆட்கள் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எடை தூக்க முடியவில்லை என்றால் அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து, இன்னும் கொஞ்சம் தூக்குவது. இதில் அவர் தனி ஆள் இல்லை. முதலாளியும் அதையே சொன்னார். ஜிம்முக்கு வந்து போகிற அத்தனை பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர்கூட "வீட்டுக்குப் போய்ப் படுங்கள்" என்று சொல்லவில்லை. அந்த வைத்தியத்தில் யாருக்கும் எதையும் விற்க முடியாது, பாருங்கள்.

நான் ஒரு வாரம் வராதீர்கள் என்றேன். "சரி மாஸ்டர்," என்றார் அண்ணாச்சி.

அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்பீர்கள். வந்தது. அவர் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அது உறுதியானது. ஓய்வெடுத்த மனிதர் படியேறி வருகிற விதம் வேறு. இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை நின்று ஏறினார்.

உண்மையைச் சொன்னவர் அவருடைய மனைவி வசந்தா அக்கா. ஸ்கூட்டியை ஜிம் வாசலில் நிறுத்திவிட்டு, என்னைக் கீழே கூப்பிட்டனுப்பினார்.

"மாஸ்டர், நீங்க லீவு குடுத்தீங்களாமே?"

"ஆமாக்கா. ஒரு வாரம்."

"நல்ல லீவு. ஆபீஸ் குடோனுக்குப் போயிப் பாருங்க. புதுசா ராடு, வெயிட்டு எல்லாம் வாங்கி எறக்கியிருக்காவ. தீப்பெட்டிப் பண்டலுக்கு நடுவுல நின்னு காலையிலயும் சாயங்காலமும் தூக்குதாவ. மேஸ்திரி பக்கத்துல நின்னு எண்ணணுமாம்."

"மேஸ்திரியா?"

"அவரும் பாவம், போதும்னு நிறுத்துனா மொதலாளி கோவிப்பாவன்னு, பத்துன்னு முடிக்காம ஏழு, எட்டு, ஒம்பது, மறுபடியும் ஏழுன்னு எண்ணுதாராம். அவியளும் தூக்கிக்கிட்டே இருக்காவ." சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ராத்திரி கண்ணு மூடுறதே இல்ல. புரண்டுக்கிட்டே கெடக்காவ. பிள்ளைக பக்கத்துல போனா எரிஞ்சு விழுதாவ. சோறு வச்சா பாதியில எந்திரிச்சிருதாவ. எனக்குப் பயமா இருக்கு, மாஸ்டர். நான் சொன்னா, உன் தங்கச்சி மாப்பிள்ளை ஜெயிக்கணும்னு நீ நெனைக்கன்னு சொல்லுதாவ."

அன்றே அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன், போட்டி முடியும் வரை நான் உங்களுக்குப் பயிற்சி தர மாட்டேன் என்று. முதலாளி என்னைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். மாடிப்படி ஆரம்பிக்கும் இடத்தில் அண்ணாச்சியின் படம் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. அதில் அவர் தலைக்குக் கீழே இருந்தது யாருடைய உடம்பு என்பது அச்சகத்துக்காரருக்குத்தான் தெரியும். "இவ்வளவு தூரம் வந்த பிறகு பின்வாங்கினா நம்ம பேரு என்ன ஆகும், மாஸ்டர்? நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிடுதேன்," என்றார். பார்த்துக்கொண்டார் என்றால், பக்கத்தில் நின்று "விடாதீங்க, விடாதீங்க" என்று கத்தினார். அதற்குச் சான்றிதழ்கூடத் தேவையில்லை.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. தோலுக்கு அடியில் தண்ணீர் தங்கினால் சதை தெரியாது என்று யாரோ சொன்ன யோசனையில், அண்ணாச்சி ஏற்கெனவே தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார். உடம்பு வலிக்கு மாத்திரை வேறு போட்டிருந்தார். அந்த நிலையில் காலையில் வந்து, கடைசியாக ஒரு தடவை கால்களை "ஏற்றிவிட" வேண்டும் என்று எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ ஆரம்பித்தார். நான் போய் அந்த எடைத் தடியைப் பிடித்துத் தாங்கியில் வைத்தேன். முதலாளி என்னை முறைத்தார். அதற்குள்ளேயே அண்ணாச்சி நிறைய முடித்திருந்தார்.

பிறகு கழிவறைக்குப் போனார். திரும்பி வந்து பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"மாஸ்டர், பீட்ரூட் சாப்பிட்டா ஒண்ணுக்கு கலர் மாறுமா?"

"மாறும் அண்ணாச்சி. பீட்ரூட் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"என்ன கலர்?"

"பால் ஊத்தாத வரக்காப்பி மாதிரி."

தொடையைத் தொட்டுப் பார்த்தேன். மரம் போல இருந்தது, வீங்கியிருந்தது. விரலை வைத்ததுமே அவர் பல்லைக் கடித்தார். உழைத்த வலி இப்படி இருக்காது. அளவுக்கு மீறிக் கசக்கிய சதை உடைந்து ரத்தத்தில் கலந்தால், அதைச் சலிக்கிற வேலை சிறுநீரகத்தின் தலையில் விழும். தண்ணீரும் இல்லாமல் அந்த வேலையைச் செய்யச் சொன்னால் அது கையை விரித்துவிடும். இதை நீங்களும் படித்திருப்பீர்கள். படித்த இடத்தில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

"அண்ணாச்சி, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நாளைக்கு மேடை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாரேன்."

"மேடைக்கு வெளிச்சம் போட்டா நிக்க கால் இருக்காது."

"நாலு போஸு குடுக்குறதுக்கு என்ன?"

முதலாளி கையில் இளநீரோடு ஓடி வந்தார். "சூடு, மாஸ்டர். வெறும் சூடு. நீங்க பெருசு பண்ணாதீங்க." இந்தக் கரிசல் பூமியில் எந்த நோய்க்கும் சூடுதான் காரணம். பெயர் கண்டுபிடிக்கிற சிரமமே இல்லை. இளநீரை வாங்கி அண்ணாச்சியைக் குடிக்க வைத்தேன், அது தண்ணீராவது தரும் என்று. வசந்தா அக்காவுக்குப் போன் செய்தேன். வந்தார், கெஞ்சினார், அழுதார். "நீ வீட்டுக்குப் போ," என்று மட்டும் சொன்னார் அண்ணாச்சி.

அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த மனிதர், பக்கத்தில் அவருக்காகப் பேச ஒரு ஜிம் முதலாளி, நடுவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நான். அண்ணாச்சி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி சொல்லிக் கேட்கவில்லை, நான் சொல்லிக் கேட்கவில்லை. இந்த மனிதர் யாருக்காக இதையெல்லாம் செய்கிறார் என்று யோசித்தேன். அந்த ஆளின் சொல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

சுயம்பு அன்று போட்டிக்கான எடை பார்ப்பதற்காகக் கோவில்பட்டிக்கே வந்திருந்தார். வசந்தா அக்காவிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன்.

"என்ன மாஸ்டர், போட்டிக்கு மொத நாளு சீக்குன்னு ஒரு நாடகமா?" என்று சிரித்தார். "நான் வெலகிக்கிடணும்னு சகலை சொல்லிக் குடுத்தாவளா?"

"அவியளுக்கு நான் போன் பண்ணுறதே தெரியாது. வந்து ஒரு தடவை பாத்துட்டு, நாடகம்னா அப்படியே திரும்பிப் போயிருங்க."

வந்தார். படியேறி வந்து நிற்கும்போது அவரும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் நின்றார். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, ஃப்ளெக்ஸில் போடுகிற ஆணழகன் மாதிரி இல்லை, டைபாய்டிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்ததும் வீம்பாக நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. அரை நிமிர்வில் முகம் கோணிப்போய் உடம்பு அப்படியே நின்றது.

சுயம்பு சிரிக்கவில்லை. தொடையைப் பார்த்தார். "மயினி, என்ன இது?" என்றார். நான் சிறுநீரின் நிறத்தைச் சொன்னேன்.

சுயம்பு அண்ணாச்சிக்குப் பக்கத்தில் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"சகலை, எனக்கும் தூக்கம் போயி ரொம்ப நாளாச்சு. கடையில கஸ்டமரை அடிக்கப் போயிட்டேன். தோளு ராத்திரியெல்லாம் குடையுது. நிறுத்திருவோம்னு தெனமும் நெனைப்பேன். ஒங்க கொழுந்தியா வந்து, அத்தான் ரெண்டு வேளை போறாவளாம், குடோன்ல வேற தூக்குதாவளாம்னு சொல்லுவா. நானும் எந்திரிச்சுப் போவேன்."

அண்ணாச்சி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். "நீ மூணு வேளை போறன்னுல்லா எங்கிட்ட சொன்னாவ?"

"யாரு சொன்னா? ஒரு வேளை போறதுக்கே நாக்குத் தள்ளுது."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வசந்தா அக்காவைப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தங்கச்சி சொன்னா, நான் சொன்னேன். அவ புருசனைப் பத்திக் கொறைச்சா சொல்ல முடியும்?" என்றார்.

சுயம்பு தன் போனை எடுத்தார். போட்டி நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். தன் பெயரைச் சொல்லி, "நான் நாளைக்கு மேடை ஏறல. பேரை அடிச்சிருங்க," என்றார். வைத்துவிட்டு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"இப்ப நீங்க மேடை ஏறி யாரை ஜெயிக்கப் போறீங்க, சகலை? வண்டி கீழ நிக்கி. வாங்க."

அண்ணாச்சி எழுந்திருக்க முயன்றார். கால்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அப்போதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. பெரிய ஆபீஸை நடத்துகிறவர், இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், கால் வரல," என்றார், சின்னக் குரலில்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நான் ஒரு பக்கமும் சுயம்பு ஒரு பக்கமுமாகத் தூக்கிப் படியிறக்கினோம். முதலாளி குறுக்கே வந்து, "முன்பக்கம் வேண்டாம் மாஸ்டர், பின்பக்கம் ஒரு படி இருக்கு," என்றார். வாசலில் ஃப்ளெக்ஸுக்குக் கீழே இந்தக் காட்சி நல்லா இருக்காது என்ற கவலை. சுயம்பு திரும்பி ஒரு பார்வை பார்த்தார். லாரிக்காரர்களோடு வருஷக்கணக்கில் பேரம் பேசியவருடைய பார்வை. முதலாளி வழி விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வேறு எதையும் கேட்காமல் நரம்பில் சலைன் ஏற்றிவிட்டுத்தான் பேசினார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். "நாளைக்குச் சாயங்காலம் கொண்டு வந்திருந்தீங்கன்னா டயாலிசிஸ் பத்திப் பேசிக்கிட்டிருப்போம். இப்பவும் ரெண்டு நாள் போகணும், சொல்றதுக்கு," என்றார். சுயம்பு வெளியே போய்த் தனியாக நின்றார். நான் அவர் பக்கத்தில் போகவில்லை.

அந்த இரண்டு நாள் ஒரு பெரிய குடும்பம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசியது, அண்ணாச்சியின் சிறுநீர் என்ன நிறம் என்று. கழுகுமலையிலிருந்து சித்தப்பா ஒருவர் போன் செய்து அதைக் கேட்டார். ஆபீஸ் மேஸ்திரி கேட்டார். வரக்காப்பி டீயானது, டீ கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. கடைசியில் ஒரு காலையில் வசந்தா அக்கா என்னைப் போனில் கூப்பிட்டு, "மாஸ்டர், தண்ணி மாதிரி போகுது, தண்ணி மாதிரி!" என்று பரீட்சையில் பிள்ளை பாஸான மாதிரி கத்தினார். நான் அப்போது டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் பார்க்காதபடி திரும்பி நின்றுகொண்டேன்.

போட்டி அதுபாட்டுக்கு நடந்தது. அந்தப் பிரிவில் பரிசு வாங்கியவர் ஒரு பஸ் கண்டக்டர். வாரத்தில் பாதி நாள்தான் பயிற்சி செய்வாராம். மீதி நாள் டியூட்டி முடிந்து வந்து தூங்கிவிடுவாராம். எங்கள் முதலாளி கூட்டத்தில் முண்டிப் போய் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு வந்து, அடுத்த ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்தார். அதையும் "நம்ம ட்ரெய்னிங்" என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது கொஞ்சந்தான். உங்களிடம் வருகிறவர்களில் சோம்பேறியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வார். சொன்னதற்கு மேல் செய்கிற ஆளைக் கவனியுங்கள். அவர் எப்படி எடை தூக்குகிறார் என்பதைவிட எப்படிப் படியேறுகிறார் என்று பாருங்கள். தூக்கத்தைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள், வீட்டில் கேளுங்கள். அவர் யார் சொன்னால் கேட்பார் என்பதை ஆபத்து வருவதற்கு முன்னாலேயே தெரிந்து வையுங்கள். பெரும்பாலும் அது நீங்களாக இருக்க மாட்டீர்கள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி குணமாகித் திரும்பி வரச் சில மாதங்கள் ஆயின. மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, வெறும் தடியோடு ஆரம்பித்தோம். வாரத்தில் பாதி நாள் மட்டும். கூடவே சுயம்புவும் கயத்தாறிலிருந்து இங்கேயே வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் திருந்திவிட்டார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் கையில் ஆளுக்கொரு கடிகாரம் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் தூங்கினோம், எவ்வளவு ஆழமாகத் தூங்கினோம் என்று அது மார்க் போடுகிறது. காலையில் படியேறி வந்ததும் முதல் வேலை, கையை நீட்டி மார்க்கை ஒப்பிட்டுப் பார்ப்பது.

"நேத்து எம்புட்டு, சகலை?"

"எண்பத்தி ரெண்டு."

"எனக்கு எண்பத்தி ஆறு!" என்று அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்துவார். சுயம்புவின் முகம் சுண்டிப்போகும். அன்று இரவு அவர் சீக்கிரமே படுத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

வசந்தா அக்கா ஒரு நாள் வந்து முறையிட்டார். "மாஸ்டர், ஒம்பது மணிக்கு மேல வீட்ல டிவி ஓடக் கூடாதாம், மிக்ஸி ஓடக் கூடாதாம். விருந்தாளி வந்தாக்கூட வாயில வெரலை வச்சு 'உஸ்'ங்காவ. தங்கச்சி வீட்லயும் அதே கூத்துதான். நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் திருத்தப் பார்த்தவன் நான். இதில் கை வைக்கவில்லை. மாவைப் பகலிலேயே அரைத்து வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன்.